ரத்தக் காட்டேரிக் காமிக்ஸ் தொடர்களை எங்கே தொடங்குவது, எப்படிப் படிப்பது?

காட்டேரி வேட்டைக்காரன் பிளேடு பற்றிய திரைப்படங்களைப் பார்த்த பிறகு அவற்றுக்கு மூலமான காமிக்ஸைத் தேடிப் போனதாகவும், அரை நூற்றாண்டு இதழ்கள் குவிந்து கிடப்பதைக் கண்டு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆனதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ரத்தக் காட்டேரித் தொடர்களில் எதை முதலில் எடுப்பது, முதல் இதழிலிருந்தே படித்தாக வேண்டுமா, அவற்றையொட்டிய ஃபேண்டஸித் தொடர்களில் எவை தேறும், வீட்டிலுள்ள 13 வயதுப் பையனுக்கு எதைக் கொடுக்கலாம் என்பவை உங்கள் கேள்விகள்.

நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘30 டேஸ் ஆஃப் நைட்’ முதல் கதையில் தொடங்குங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். அடுத்து அமெரிக்கப் பதிப்பகமான மார்வெலின் ‘டூம் ஆஃப் டிராகுலா’வை (Tomb of Dracula) ஏழாவது இதழிலிருந்து படியுங்கள். அது பிடித்துப்போனால் ‘அமெரிக்கன் வாம்பயர்’, அதற்குப் பிறகு ஜப்பானிய ஓவியர் மோட்டோ ஹாகியோவின் ‘தி போ க்ளான்’. இவற்றுக்கிடையே எப்போது வேண்டுமானாலும் ‘ஹெல்பாய்’ படிக்கலாம். வெளியான ஆண்டையோ விற்பனையையோ பார்த்து இந்த வரிசையைப் போடவில்லை. காட்டேரியால் என்னென்ன முடியாது என்பதை ஒரு தொடர் எவ்வளவு கறாராக வகுத்துக்கொள்கிறது, வகுத்த பிறகு அந்த வேலியைத் தாண்டாமல் எவ்வளவு தூரம் கதையை நடத்துகிறது என்பதுதான் என் அளவுகோல். சாவில்லாத ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு மாதாமாதம் கதை சொல்லும்போது அச்சம் வெகுவிரைவில் வடிந்துவிடும். வெயில், பசி, அழைப்பின்றி வாசலைத் தாண்ட முடியாமை போன்ற தடைகள் உறுதியாக இருந்தால்தான் வாசகருக்கு ஒவ்வோர் இதழிலும் ஒரு கணக்கு மிஞ்சியிருக்கும்.

அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தோடு தொங்கும் வேதாளத்துக்கு ஒரே ஒரு விதிதான்: அரசன் வாய் திறந்தால் அது மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். அந்த ஒற்றை விதி ஒரு தொடர்கதையை இதழுக்கு இதழ் சலிக்காமல் இழுத்துச் சென்றது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே இருக்கும் இந்த வேதாளக் கதைகளை, 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் ஆங்கிலத்தில் மறுஆக்கம் செய்தபோது வேதாளத்தை ரத்தக் காட்டேரியாகவே தலைப்பில் வைத்தார். ரத்தம் குடிப்பதில் வேதாளத்துக்கு அவ்வளவு நாட்டம் இல்லை என்றாலும், விதிக்குக் கட்டுப்பட்ட பேய் என்ற வகையில் அந்த உறவு பொருத்தமானதே.

ஐரோப்பியக் காட்டேரியின் விதிகள் எல்லாம் தொன்றுதொட்டு வருபவை என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படியில்லை. பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார். பகலில் அவருடைய ஆற்றல் குன்றும், அவ்வளவுதான். வெயில் பட்டால் காட்டேரி அழிந்துபோகும் என்ற எண்ணம் 1922இல் வெளியான ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானிய மௌனப் படத்தின் வழியாகவே பரவியது. காமிக்ஸ் ஆசிரியர்கள் நாவலிலிருந்து கொஞ்சம், திரையிலிருந்து கொஞ்சம் என்று தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். எனவே ஒவ்வொரு தொடருக்கும் தனிச் சட்டம் உண்டு. புதிய தொடர் ஒன்றைக் கையில் எடுக்கும்போது அதன் சட்டம் முதல் தொகுதிக்குள் தெளிவாகிவிடுகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால், பிற்பாடு ஆசிரியர் இக்கட்டில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் புதிய சக்தி ஒன்றை வானத்திலிருந்து இறக்குவார் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

‘30 டேஸ் ஆஃப் நைட்’ ஒற்றை விதியின் மேல் கட்டிய கதை என்பதால்தான் அதைத் தொடக்கமாகச் சொல்கிறேன். அலாஸ்காவின் வடகோடியிலுள்ள பாரோ (2016 முதல் உட்கியாக்விக்) என்ற ஊரில் குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. வெயிலே இல்லாத ஊர் ஒன்று உலகில் இருக்க, காட்டேரிகள் ஏன் இதுவரை அங்கே போகவில்லை என்று ஸ்டீவ் நைல்ஸ் கேட்டுக்கொண்டார். முழுக் கதையும் அந்தக் கேள்வியிலிருந்து தானாக விளைகிறது. முதலில் திரைப்படத்துக்காகச் சொல்லிப் பார்த்து எடுபடாமல் போன இக்கதை, 2002இல் ஐடிடபிள்யூ பதிப்பகத்தில் மூன்றே இதழ்களாக வெளிவந்தது. பிறகு 2007இல் திரைப்படமாகவும் ஆனது. உண்மையில் அவ்வூரில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதிவரை ஏறத்தாழ 65 நாள்கள் சூரியன் தலைகாட்டாது. கதை அதைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டது. பென் டெம்பிள்ஸ்மித்தின் ஓவியத்தில் முகங்கள் பனியில் கரைந்தவை போலக் கலங்கலாக இருக்கும். யார் யாரென்று சில கட்டங்களில் குழம்பும். ஷெரிஃப் எபனையும் அவருடைய மனைவி ஸ்டெல்லாவையும் தவிர வேறெவரும் மனத்தில் நிற்கமாட்டார்கள் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விதி எப்படிக் கதையாகிறது என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்டும் தொடர் எனக்குத் தெரிந்து இல்லை. இதற்குப் பின்தொடர்ச்சிகள் பல வந்தன. முதல் கதையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் பாரோவை விட்டு வெளியே வந்ததும் அந்த விதியின் பிடி தளர்ந்துவிடுகிறது.

அடுத்த தொடருக்குப் போகும் முன் கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் 1970களின் காமிக்ஸைப் படித்தால், ஏன் எல்லாக் காட்டேரிகளும் ஒரே சமயத்தில் முளைத்தன என்று புரியாது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் திகில் காமிக்ஸ் கொடிகட்டிப் பறந்தது. வில்லியம் கெயின்ஸ் நடத்திய ஈசி காமிக்ஸின் ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ அவற்றில் முதன்மையானது. 1954இல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம், சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸ்தான் காரணம் என்று வாதிட்டுப் புத்தகம் வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க மேலவையின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. கெயின்ஸ் தாமாகவே முன்வந்து சாட்சி சொல்லி, வெட்டுண்ட தலை ஒன்றைத் தாங்கிய அட்டைப்படம் நல்ல ரசனைக்கு உட்பட்டதுதானா என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார். அரசு சட்டம் போட்டுவிடுமோ என்ற அச்சத்தில் பதிப்பாளர்களே சேர்ந்து காமிக்ஸ் கோட் என்ற கட்டுப்பாட்டு நெறியை வகுத்தார்கள். நடமாடும் பிணம், சித்திரவதை, ரத்தக் காட்டேரி, பிணம் தின்னும் பேய், நரமாமிசம், ஓநாய் மனிதன் ஆகிய அனைத்தும் ஒரே வரியில் தடைசெய்யப்பட்டன. நெறிக்கு உட்பட்டது என்பதற்கான முத்திரை இல்லாத இதழை விற்பனையாளர்கள் எடுக்கமாட்டார்கள் என்பதால், சட்டமே இல்லாமல் ஒரு வகைமை பதினேழு ஆண்டுகள் முடக்கப்பட்டது.

தடையைச் சுற்றிப் போக ஒரு சந்து மட்டும் இருந்தது. பெரிய அளவிலான கறுப்பு வெள்ளைப் பத்திரிகையாக அச்சிட்டால் அது காமிக்ஸ் புத்தகக் கணக்கில் வராது. ஜேம்ஸ் வாரன் அந்தச் சந்தில் நுழைந்து 1964இல் ‘க்ரீப்பி’யையும், 1969இல் ‘வாம்பிரெல்லா’வையும் தொடங்கினார். வாம்பிரெல்லா ஆறுகளில் தண்ணீருக்குப் பதில் ரத்தம் ஓடும் டிராகுலான் என்ற கிரகத்திலிருந்து வந்தவள். அவளுடைய உடையை வடிவமைத்தவர் ட்ரீனா ராபின்ஸ், முதல் அட்டை ஃப்ராங்க் ஃப்ரஸெட்டாவுடையது. தொடக்க இதழ்களில் அவள் பெரும்பாலும் பிறர் கதைகளை அறிமுகப்படுத்துபவளாகவே வருகிறாள். ஆர்ச்சி குட்வின் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹோசே கொன்சாலெஸ் வரையத் தொடங்கிய பிறகுதான் அது படிக்கத்தக்கதாகிறது. அப்போதும்கூட ஓவியத்துக்காகப் புரட்டலாம், கதைக்காக விழித்திருக்க வேண்டியதில்லை.

1971இல் கோட் திருத்தப்பட்டது. டிராகுலா, ஃப்ராங்கன்ஸ்டைன் போன்ற உயர்ந்த இலக்கிய மரபின் வழியில் கையாண்டால் காட்டேரியும் ஓநாய் மனிதனும் வரலாம் என்று அனுமதி கிடைத்தது. அந்த மரபில் இடம் இல்லாத ஸோம்பிகளுக்கு அனுமதி கிடைக்காததால், மார்வெல் அவற்றை ‘ஸுவெம்பி’ என்று பெயர் மாற்றி உலவவிட்டது தனி நகைச்சுவை. திருத்தம் வந்த அதே ஆண்டு அக்டோபர் தேதியிட்ட ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 101ஆம் இதழில் ராய் தாமஸும் கில் கேனும் மோர்பியஸை அறிமுகப்படுத்தினார்கள்: ரத்த நோய்க்கு மருந்து தேடி வவ்வால்களை வைத்துச் சோதனை செய்து காட்டேரியைப் போலாகிவிட்ட ஒரு விஞ்ஞானி. சாகாமலேயே காட்டேரியானவன் என்பதால் பழைய விதிகள் பெரும்பாலும் அவனுக்குப் பொருந்தாது. என் அளவுகோலின்படி அவன் சுவாரசியம் குறைந்தவனாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

அடுத்த ஏப்ரலில், 1972இல், ‘டூம் ஆஃப் டிராகுலா’ தொடங்கியது. 1979 வரை 70 இதழ்கள் வந்தன. அந்த எழுபதையும் பென்சிலில் வரைந்தவர் ஒரே ஓவியர், ஜீன் கோலன். நடிகர் ஜாக் பேலன்ஸின் முகத்தை மனத்தில் வைத்து அவர் டிராகுலாவை வரைந்தார். மார்வெல் போன்ற தொழிற்சாலைமுறைப் பதிப்பகத்தில் ஓர் ஓவியர் ஒரு தொடரை முதலிலிருந்து கடைசிவரை கைவிடாமல் வைத்திருந்தது அரிது. ஏழாவது இதழிலிருந்து தொடங்கச் சொன்னதற்குக் காரணம், முதல் ஆறு இதழ்களுக்குள் கதாசிரியர்கள் மூன்று பேர் மாறினார்கள். டிராகுலாவின் வழிவந்த ஃப்ராங்க் ட்ரேக் பரம்பரைக் கோட்டையைப் பார்க்கப் போகிறான், உடன் வந்த நண்பன் எலும்புக்கூட்டில் செருகியிருந்த கட்டையைப் பிடுங்குகிறான், டிராகுலா எழுகிறார் என்ற அளவு தெரிந்தால் போதும். ஏழாவது இதழில் மார்வ் வுல்ஃப்மன் எழுத வந்த பிறகுதான் தொடருக்கு முதுகெலும்பு கிடைத்தது. கோட் நடைமுறையில் இருந்த காலத்தில், ஒரு கதை ‘வுல்ஃப்மன்’ சொன்னது என்று அச்சாகியிருந்ததைக் கண்டு ஓநாய் மனிதனைக் குறிப்பிடக் கூடாது என்று அதிகாரிகள் ஆட்சேபித்ததும், அது கதாசிரியரின் உண்மையான குடும்பப் பெயர் என்று விளக்க வேண்டி வந்ததும் காமிக்ஸ் உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி.

வுல்ஃப்மன் செய்த கெட்டிக்காரத்தனம் நாவலின் கடைசிக் குறிப்பைப் பிடித்துக்கொண்டது. ஸ்டோக்கரின் கதை முடிந்து சில ஆண்டுகள் கழித்து ஜொனாதன், மீனா ஹார்க்கர் தம்பதிக்குப் பிறந்த மகன் குயின்சி பற்றிய சிறு குறிப்பு ஒன்று நாவலின் இறுதியில் வருகிறது. அந்தக் குழந்தைதான் இத்தொடரில் சக்கர நாற்காலியில் அமர்ந்த முதியவராக, வாழ்நாள் முழுவதையும் டிராகுலா வேட்டைக்கே கொடுத்து மனைவியையும் மகளையும் இழந்தவராக வருகிறார். அவருடன் வான் ஹெல்சிங்கின் வழிவந்த ரேச்சல், இந்தியாவிலிருந்து வந்த வாய்பேச இயலாத தாஜ், ஃப்ராங்க் ட்ரேக் ஆகியோர் சேர்கிறார்கள். தாஜை வரைந்தும் எழுதியும் இருக்கும் விதத்தில் அந்தக் காலத்து அமெரிக்கர்கள் இந்தியாவைப் பற்றி வைத்திருந்த கற்பனை அப்பட்டமாகத் தெரியும். உறுத்தினால் அது நியாயமான உறுத்தலே. நேரமிருந்தால் காமிக்ஸைத் தொடும் முன் நாவலைப் படித்துவிடுங்கள். குயின்சி ஹார்க்கர் முதன்முறை கட்டத்துக்குள் வரும்போது கிடைக்கும் அதிர்வு அப்போதுதான் முழுமையாகும்.

நீங்கள் தேடும் பிளேடு பத்தாவது இதழில், 1973 ஜூலையில், வருகிறான். திரைப்படத்தில் பார்த்தவனை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே அவன் பாதிக் காட்டேரி அல்லன், மனிதன். பிரசவ நேரத்தில் அவன் தாயை ஒரு காட்டேரி கடித்ததால் அவனைக் காட்டேரிக் கடி பாதிப்பதில்லை என்பது மட்டுமே அவனுக்கு இருக்கும் சலுகை. மற்றபடி மரக் கத்திகளும் வாய்த்துடுக்கும்தான் ஆயுதம். வெயிலில் நடமாடும் அரைக் காட்டேரி என்ற உருவம் 1998ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்குப் பிறகே காமிக்ஸுக்குள்ளும் நிலைபெற்றது. சலுகைகள் குறைந்த பழைய பிளேடுதான் எனக்கு உவப்பானவன், ஏனென்றால் அவன் ஒவ்வொரு சண்டையிலும் உண்மையாகவே தோற்கக்கூடியவன். 25ஆம் இதழில் வரும் ஹானிபல் கிங் என்ற துப்பறிவாளரையும் தவறவிடாதீர்கள். அவரைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் விடுவதே உங்களுக்கு நான் செய்யும் உதவி.

இத்தொடரின் குறை அதன் வாய். ஓவியமே சொல்லிவிட்டதைக் கட்டத்தின் மேற்புறத்தில் நீண்ட வர்ணனையாக மீண்டும் சொல்லும் வழக்கம் அன்று எல்லா மார்வெல் இதழ்களிலும் உண்டு. இதில் இன்னும் கூடுதல். முதலில் ஒரு பக்கத்தை எழுத்தைப் படிக்காமல் ஓவியத்தை மட்டும் பார்த்துச் சென்று, பிறகு திரும்பி வந்து எழுத்தைப் படித்தால் கோலனின் திறமை பிடிபடும். அவர் கோடு போட்டு வடிவத்தை அடைப்பவரல்லர். பென்சில் நிழலால் புகையும் மூட்டமுமாக உருவத்தை எழுப்புபவர். அந்த நிழலைத் தொலைக்காமல் மையாக மாற்றிய டாம் பாமருக்கும் பாதிப் புகழ் சேர வேண்டும். இதனால்தான் வண்ணத் தொகுதிகளைவிட, ‘எஸென்ஷியல்’ என்ற வரிசையில் வந்த நான்கு கறுப்பு வெள்ளைத் தொகுதிகள் பழைய புத்தகமாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள் என்கிறேன். தாள் மட்டமானது, ஆனால் இருட்டு இருட்டாகவே இருக்கும்.

‘அமெரிக்கன் வாம்பயர்’ 2010இல் டிசி பதிப்பகத்தின் வெர்டிகோ பிரிவில் தொடங்கியது. ஸ்காட் ஸ்னைடர் எழுத, பிரேசில் ஓவியர் ரஃபேல் அல்புகெர்க்கி வரைந்தார். முதல் ஐந்து இதழ்களில் பாதிக் கதையை ஸ்டீஃபன் கிங் எழுதினார். 2011இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருது (காமிக்ஸ் துறையின் விருது) கிடைத்தது. என் அளவுகோலுக்கு மிகப் பொருத்தமான தொடர் இதுதான், ஏனென்றால் இதில் விதி இடத்துக்கு இடம் மாறுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய பணக்காரக் காட்டேரிகளுக்கு வெயிலும் மரமும் பகை. அமெரிக்க மேற்கில் கொள்ளைக்காரனாக இருந்து காட்டேரியான ஸ்கின்னர் ஸ்வீட் புதிய இனத்தின் முதல் ஆள். அவனுக்கு வெயில் ஒன்றும் செய்யாது, தங்கம்தான் ஆகாது. தங்கவேட்டையில் எழுந்த ஒரு நிலத்தின் காட்டேரிக்குத் தங்கத்தையே நஞ்சாக்கியதில் ஒரு கேலி இருக்கிறது. 1925ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் திரைப்பட வாய்ப்புத் தேடும் பேர்ல் ஜோன்ஸ் என்ற பெண் அடுத்த மையம். அங்கிருந்து கதை பத்தாண்டு பத்தாண்டாக நகர்ந்து, அணைக்கட்டு வேலை நடக்கும் லாஸ் வேகாஸ், இரண்டாம் உலகப் போரின் பசிபிக் முனை, 1950களின் கார்ப் பைத்தியம் பிடித்த இளைஞர் உலகம் என்று போகிறது. முதல் சுற்று 34 இதழ்கள். அதன் பின் 2014இல் ‘செகண்ட் சைக்கிள்’, 2020இல் முடிவுப் பகுதியான ‘1976’. நடுவே சில இதழ்கள் வேட்டைக்கார அமைப்பின் உள்விவகாரங்களில் சுற்றி அலுப்பூட்டும். அவற்றை வேகமாகக் கடக்கலாம், ஆனால் தாண்டிச் செல்ல வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

மோட்டோ ஹாகியோவின் ‘தி போ க்ளான்’ இவையனைத்துக்கும் எதிர்த்திசையில் நிற்பது. 1972 முதல் 1976 வரை ஜப்பானியச் சிறுமியர் பத்திரிகையில் வெளிவந்த மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். 1976இல் ஷோகாகுகான் விருது பெற்றது. நாற்பது ஆண்டு கழித்து 2016இல் ஹாகியோவே அதைத் திரும்பவும் தொடர்ந்தார். எட்கர் 14 வயதிலேயே நின்றுபோன சிறுவன். இந்தக் காட்டேரிகள் ரோஜாப் பூக்களின் சாரத்தையும் உண்டு வாழ்வார்கள் என்பதால் கொலையும் வேட்டையும் குறைவு. இங்கே கொடுமையான விதி வேறு: வளராத பிள்ளை ஒரே ஊரில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்க முடியாது, அக்கம்பக்கத்தார் கவனித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம், நட்பு, வீடு என எது கிடைத்தாலும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிறுவனின் கதை, இருபதாம் நூற்றாண்டுவரை முன்னும் பின்னுமாகத் தாவுகிறது. ஆண்டு வரிசையாக அடுக்கிப் படிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். வெளியான வரிசையில் படித்தால்தான், ஏற்கெனவே இழந்துவிட்டதாக நமக்குத் தெரிந்த ஒருவரைப் பிறகு உயிரோடு சந்திக்கும் வலி கிடைக்கும். ஆங்கிலப் பதிப்பின் முதல் தொகுதி 2019இல் வந்தது. ஜப்பானிய வழக்கப்படி வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மங்கா என்றதும் பலரும் முதலில் பரிந்துரைக்கும் கூட்டா ஹிரானோவின் ‘ஹெல்சிங்’ பத்துத் தொகுதிகளும் துப்பாக்கியும் நாஜிகளும் சிரிப்புமாக விரைந்தோடும். ஆனால் அதன் நாயகன் அலுகார்டைத் தடுக்க எதுவுமே இல்லை என்பது இரண்டாம் தொகுதியிலேயே தெரிந்துவிடுவதால், மிச்சமெல்லாம் வாணவேடிக்கை.

ஐரோப்பாவில் இத்தாலியின் ‘டாம்பிர்’ பற்றிச் சொல்ல வேண்டும். லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழில் டெக்ஸ் வில்லரைப் படித்தவர்களுக்கு அதன் மூலப் பதிப்பகமான செர்ஜியோ போனெல்லி அறிமுகமாகியிருக்கும். அதே பதிப்பகம் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தொடரைத் தொடங்கியது. உருவாக்கிய இருவரில் ஒருவரான மவ்ரோ போசெல்லி டெக்ஸ் கதைகளையும் எழுதுபவர்தான். காட்டேரிக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்தவன் காட்டேரியைக் கொல்ல வல்லவன் என்ற பால்கன் நாட்டு நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, யுகோஸ்லாவியா சிதறிய போரின் இடிபாடுகளுக்கிடையே ஹார்லன் டிராக்காவை நிறுத்துகிறது முதல் கதை. அவனுடைய ரத்தமே காட்டேரிகளுக்கு நஞ்சு. ஆங்கிலத்தில் கிடைத்தவை இத்தாலிய இதழ்களில் ஒரு சிறு பகுதியே, கிடைத்தவரை படிக்கலாம்.

ஃபேண்டஸித் தொடர்களுக்குப் போக, பேய்களை எதிர்கொள்ளும் ஓர் அரைப் பேயின் கதையான ‘ஹெல்பாய்’ நல்ல பாலம். மைக் மிக்னோலா 1992-93இல் டிராகுலா திரைப்படத்தின் காமிக்ஸ் வடிவத்தை வரைந்தவர்; அந்த இருட்டும் கல்சிற்பமும் ‘ஹெல்பாய்’க்குள் அப்படியே வந்தன. 1994இல் வந்த முதல் கதையைவிட, 1996இல் ருமேனியக் கோட்டைகளில் நடக்கும் ‘வேக் தி டெவில்’ உங்கள் விருப்பத்துக்கு நெருக்கமானது. ஆனால் மிக்னோலாவின் உச்சம் சிறுகதைகளில்தான்: அயர்லாந்து, ரஷ்யா, ஜப்பான் என்று ஒவ்வொரு நாட்டுக் கிழவிகள் சொன்ன பேய்களையும் தேடிப் பிடித்து, பத்திருபது பக்கங்களில், சொல்லைக் குறைத்து வரைந்திருக்கிறார். மலேசியத் தமிழர்கள் சிறுவயதிலேயே கேட்டுப் பயந்திருக்கக்கூடிய, தலையும் குடலுமாகக் கழன்று பறக்கும் பெனாங்காலான் பற்றியும் ஒரு கதை உண்டு. இதழ்களைத் துரத்தாமல், 2018இல் வந்த நான்கு ஓம்னிபஸ் (பல கதைகளை ஒன்றாகச் சேர்த்த) தொகுதிகளையும் இரண்டு சிறுகதைத் தொகுதிகளையும் வாங்குவது எளிது. முதலில் சிறுகதைத் தொகுதிகளில் ஒன்றை வாங்குங்கள்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வான் ஹாம் எழுதி ரோசின்ஸ்கி வரைந்து 1977இல் தொடங்கிய ‘தோர்கல்’, வைக்கிங் உலகில் நடக்கும் நிதானமான ஃபேண்டஸி. ஆல்பத்துக்கு ஆல்பம் நாயகன் மூப்படைவதும் பிள்ளைகள் வளர்வதும் அதன் தனி அழகு. மர்ஜோரி லியூவும் சனா டக்கேடாவும் 2015 முதல் செய்துவரும் ‘மான்ஸ்ட்ரெஸ்’, 2017 முதல் 2019 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்குமான ஹ்யூகோ விருது பெற்றது. ஓவியம் கண்ணைப் பறிக்கும், கதையின் அரசியலைப் புரிந்துகொள்ளத் தாளில் பெயர்களைக் குறித்துவைக்க வேண்டியிருக்கும். கென்டாரோ மியூராவின் ‘பெர்செர்க்’கை எல்லாரும் சொல்வார்கள்; 2021இல் அவர் காலமான பிறகு அவருடைய சீடர்களும் நண்பர் கோஜி மோரியும் தொடர்கிறார்கள். மகத்தான படைப்புதான், ஆனால் கொடூரம் மிகுந்தது, இன்னும் முடியாதது, உங்கள் வரிசையில் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

பையனைப் பொறுத்தவரை, மேலே சொன்னவற்றில் ‘ஹெல்பாய்’ சிறுகதைகளையும், நீங்கள் கூட இருந்தால் ‘டூம் ஆஃப் டிராகுலா’வையும் கொடுக்கலாம். ‘30 டேஸ் ஆஃப் நைட்’, ‘அமெரிக்கன் வாம்பயர்’, ‘ஹெல்சிங்’ ஆகியவை பெரியவர்களுக்கானவை. ‘பெர்செர்க்’ அவன் கண்ணில் படும் அலமாரியில்கூட வேண்டாம். அவனுக்கென்று வாங்குவதானால் ஜெஃப் ஸ்மித்தின் ‘போன்’ வாங்குங்கள். 1991 முதல் 2004 வரை 55 இதழ்களாக, பெரும்பாலும் அவருடைய சொந்தப் பதிப்பகத்திலேயே வெளிவந்து, முறையாக முடிந்த ஃபேண்டஸி அது; சிரிக்கச் சிரிக்கத் தொடங்கி, மெல்ல மெல்லப் பெரிய போராக விரியும். 1,300 பக்கங்களைத் தாண்டிய ஒற்றைக் கறுப்பு வெள்ளைத் தொகுதியும், 2005 முதல் ஸ்கொலாஸ்டிக் வெளியிட்ட ஒன்பது வண்ணத் தொகுதிகளும் கிடைக்கின்றன. கனமான தொகுதி விலைக்கணக்கில் லாபம் என்றாலும் 13 வயதுக் கைக்குப் படுத்துக்கொண்டு படிக்க அது ஆகாது. வண்ணத்தில் முதல் தொகுதியை மட்டும் வாங்கிக் கொடுத்து, இரண்டாவதை அவனே கேட்கிறானா என்று பாருங்கள்.